புதுப்பிப்பு: செயற்குழுவில் புதியவர்கள் சேர்ந்துவிட்டார்கள்

நாகர்கோவிலில் நாங்கள் நடத்தும் பால்புதுமையினர் (LGBTQ+) மையத்தின் செயற்குழுவில் மூன்று பேரைப் புதிதாகச் சேர்ப்பது எப்படி என்று போன மாதம் கேட்டிருந்தேன், வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. செயற்குழு மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7-ஐக் கொடுக்கும் யோசனைதான் கைகொடுத்தது. பொதுக்குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டு, மினிட் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி, 1975 தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டப்படி 3 மாதத்துக்குள் அந்தப் படிவத்தை மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். இது சங்கமாகப் பதிந்த அமைப்புகளுக்குத்தான், அறக்கட்டளைக்குப் பொருந்தாது.

எதிர்பாராதது ஒன்று: தக்கலையிலிருந்து வந்த திருநங்கை அக்காவின் ஆதாரில் பழைய பெயர்தான் இருந்தது, அதை அப்படியே படிவத்தில் எழுத எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை. 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழை வைத்து முதலில் ஆதாரைத் திருத்தினோம், அப்புறம்தான் படிவம். செயற்குழுவினரின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, அதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.