டியூஷன் முடிந்து வந்தாலும் மிக்சர்: தின்பண்டத்துக்கு என்ன விதி வைக்கலாம்?

பாளையங்கோட்டை அம்மா:
மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. நாலேகாலுக்கு வேன் இறக்கிவிட்டதும், பையைக் கழற்றுவதற்கு முன்பே முறுக்கு டப்பா திறந்துவிடும். டியூஷனுக்குப் போகும்போது பிஸ்கட், திரும்பி வந்ததும் மிக்சர். எட்டு மணிக்கு இட்லி வைத்தால் ஒன்றரையோடு தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். படுத்த பிறகு, "அம்மா, பசிக்குது." நான் வேலை முடிந்து வர ஆறரை ஆகிவிடும். அதுவரை பார்த்துக்கொள்வது அத்தைதான். "வாடி வதங்கி வர்ற பிள்ளைக்கு எப்படி இல்லேங்கறது?" என்பார்கள். அவர்கள் மனம் நோகக் கூடாது. போன வாரம் டப்பாவைப் பரணில் ஏற்றி வைத்தேன். மகன் நாற்காலிமேல் ஸ்டூலைப் போட்டு ஏறியிருக்கிறான். கேட்டதும் கைகால் நடுங்கிவிட்டது. உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

கோவில்பட்டி ஆச்சி:
ஏம்மா, பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு நாலேகாலுக்கு வருவது நிஜப் பசி. உன் அத்தை சொல்வது சரிதான். ஆனால் அந்தப் பசிக்கு முறுக்கு காணாது. கை கால் கழுவச் சொல்லி, உட்கார வைத்து, ஒரு தோசையோ ஒரு கிண்ணம் சுண்டலோ தட்டில் கொடுக்கச் சொல். எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு வாங்கியது. பேரனுக்கு அதில் ஒரு துண்டு உண்டு, தட்டு காலியான பிறகு. எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றிவிட்டால் தின்பண்டம் கிடையாது. என் மாமியார் வைத்த விதி அது.

பல் மருத்துவமனையில் வேலை செய்பவர்:
சொத்தைப் பல்லுக்கு, எவ்வளவு தின்றார்கள் என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியம். இனிப்போ பிஸ்கட்டோ ஒவ்வொரு முறை வாயில் போகும்போதும் கிருமிகள் அமிலத்தை உண்டாக்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது வேண்டும். நடுவில் அடுத்த பிஸ்கட் போனால் பல்லுக்கு ஓய்வே இல்லை. வெல்லமும் சர்க்கரைக் கணக்கில்தான் வரும். தின்றதும் வாய் கொப்பளிக்கப் பழக்குங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா, திருச்சி:
ஒளித்து வைத்தால் தேடத்தான் செய்வார்கள். நான் மாதச் சாமானில் மிக்சரையே நிறுத்திவிட்டேன். வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கூட்டிப்போய் ஐம்பது கிராம். என்ன, எப்போது என்பது நம் பொறுப்பு, எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிட வேண்டும் என்று அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் சொல்கிறார். அதன்படி, ராத்திரி ஒன்றரை இட்லி போதும் என்றால் விட்டுவிடுங்கள், ஊட்டாதீர்கள்.

பாளையங்கோட்டை அம்மா:
பத்து நாள் ஆகிறது. ஆச்சி எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "விளக்கு ஏத்துனா கிடையாது, நம்ம வீட்லயும் அப்படித்தானே இருந்துச்சு" என்றார்கள். இப்போது அந்த விதி அவர்களுடையது. நேற்றுப் பாசிப்பயறு சுண்டல். மகள் தேங்காய்ச் சில்லை மட்டும் முதலில் பொறுக்கித் தின்றாள், அப்புறம் கிண்ணத்தையே வழித்துவிட்டாள். ராத்திரி மூன்று இட்லி! டப்பாவைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். அடுத்து, சனிக்கிழமை முழுநாளும் வீட்டில் இருக்கிறார்களே, அன்றைக்குப் பதினொரு மணிக்கு என்ன கொடுக்கிறீர்கள்?