புதுப்பிப்பு: பயணத்தில் பார்த்த பழைய ஆட்டம்

விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் பார்க்க ஒரு பழைய ஆட்டம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். முடிவு தெரிந்த ஆட்டத்தில் என்ன சுவை என்று சிலர் கேட்டீர்கள். நிறைய இருக்கிறது!

2022 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தை ரயிலிலேயே முழுவதும் பார்த்துவிட்டேன். ஏறத்தாழ 80-வது நிமிடம் வரை பிரான்ஸுக்கு எதிராக அர்ஜென்டினாதான் 2-0 என முன்னிலை. பிறகு பிரான்ஸின் எம்பாப்பே அடுத்தடுத்து இரண்டு கோல் அடித்து ஆட்டத்தையே புரட்டிப் போட்டார். கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினாவின் மெஸ்ஸி ஒன்று, எம்பாப்பே ஒன்று, 3-3. கடைசி நொடிகளில் பிரான்ஸின் கோலோ முவானி அடித்த பந்தை அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தார். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். கால் சற்று விலகியிருந்தால் கோப்பை பிரான்ஸுக்குத்தான். பெனால்டியில் அர்ஜென்டினா 4-2 என்று வென்றதைவிட எனக்கு அந்தக் கால்தான் பெரிது.

ஆட்டத்துக்குப் பதிலாக நீங்கள் பார்க்கச் சொன்ன தொடர்கள் இன்னும் பார்க்காமல் அப்படியே இருக்கின்றன. வீட்டில் ரிமோட் தங்கையின் கையில். கால்பந்து என்றாலே எழுந்து போகிறவள், பெனால்டிப் பகுதியை என்னுடன் பார்த்துவிட்டு, “முதலிலிருந்து போடு அண்ணா” என்றாள். இன்று இரவு இருவரும் பார்க்கப் போகிறோம்.