மின்சுற்று சிமுலேஷன் திறக்கவில்லை, வகுப்பில் இணையமும் இல்லை. என்ன செய்யலாம்?

அறிவியல் டீச்சர்:
எட்டாம் வகுப்புக்கு மின்சுற்று நடத்த வேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்திலிருந்து பல வருடங்களுக்கு முன் இறக்கிய சிமுலேஷன் (திரையிலேயே சோதனை செய்துபார்க்கும் மாதிரி) ஒன்று பென்டிரைவில் கிடக்கிறது. வகுப்புக் கணினியில் கிளிக் செய்தால் எதைக் கொண்டு திறப்பது என்று என்னையே கேட்கிறது. அங்கே இணையமும் கிடையாது. திங்கட்கிழமை பாடம். யாராவது கைகொடுங்கள்.

கம்பிச்சுருள்:
கோப்பின் பெயர் எதில் முடிகிறது டீச்சர்? ஜாரா, எஸ்டபிள்யூஎஃப்பா?

அறிவியல் டீச்சர்:
ஜார்.

கம்பிச்சுருள்:
அப்படியென்றால் பழைய ஜாவா பதிப்பு. அந்தக் கணினியில் அதை ஓட்டும் ஜாவா மென்பொருள் இருக்காது, அதைத் தேடி நிறுவ மெனக்கெடவும் வேண்டாம். அதே சிமுலேஷன் இப்போது எச்டிஎம்எல்5-இல், அதாவது பிரவுசரிலேயே ஓடும் வடிவில், இருக்கிறது. இணையம் உள்ள இடத்தில் அந்தப் பக்கத்துக்குப் போய் டவுன்லோட் பொத்தானை அழுத்துங்கள், எல்லாம் ஒரே கோப்பாக வந்துவிடும். பிரவுசரில் 'பக்கத்தைச் சேமி' கொடுத்து எடுக்காதீர்கள், பாதி வரும் பாதி வராது. அப்புறம் பென்டிரைவிலிருந்து குரோமிலோ ஃபயர்பாக்ஸிலோ திறந்தால் போதும்.

(எஸ்டபிள்யூஎஃப் என்றிருந்தால் கதை வேறு. அது ஃபிளாஷ் கோப்பு, ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்துபோனது. ரஃபிள் என்ற இலவச மென்பொருள் அந்தக் கோப்புகளில் பலவற்றை ஓட்டும், எல்லாவற்றையும் அல்ல.)

பழைய லேப்டாப்:
விண்டோஸ் 7 கணினி என்றால் குரோம் 109-ஆம் பதிப்புக்கு மேல் ஏறாது, பழைய பிரவுசரில் சிமுலேஷன் சரியாக ஓடாமலும் போகலாம். அதனால் வகுப்புக் கணினியிலேயே முன்கூட்டி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினாலும் ஒரு தொல்லை உண்டு: ஆண்ட்ராய்டில் சில சமயம் எச்டிஎம்எல் வியூவரில் திறந்து வெறும் வெள்ளையாக நிற்கும். குரோமில் திறக்கச் சொல்லுங்கள்.

அறிவியல் டீச்சர்:
ஓடிவிட்டது! பேட்டரியின் இரண்டு முனைகளையும் வெறும் வயரால் இணைத்த பையன், திரையில் தீப்பிடித்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான்.

ஆனால் புதுச் சிக்கல். சிமுலேஷனில் 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு. இன்னொரு பல்பைப் பக்க இணைப்பில் சேர்த்தால் முதல் பல்பின் வெளிச்சம் துளியும் குறையவில்லை. மேசையில் நிஜ டார்ச் பல்புகளை வைத்துச் செய்தால் இரண்டுமே மங்குகின்றன. "எது டீச்சர் பொய்?" என்று கேட்கிறார்கள். பாடப்புத்தகப்படி சிமுலேஷன்தான் சரி என்று சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை.

கம்பிச்சுருள்:
தப்பிக்காதீர்கள், நல்ல கேள்வி. தொடக்கத்தில் சிமுலேஷன் பேட்டரிக்கு உள்மின்தடை (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடை) இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். நிஜ பேட்டரிக்கு உண்டு. பல்பு கூடக்கூட அதிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் கூடும், அப்போது பேட்டரி தனக்குள்ளேயே கொஞ்சம் வோல்ட்டை விழுங்கிவிடும்.

சிமுலேஷனின் மேம்பட்ட அமைப்புகளில் பேட்டரி மின்தடைக்கு ஒரு ஸ்லைடர் இருக்கிறது. முதல் திரையில் தெரியாவிட்டால் லேப் திரையில் பாருங்கள். அதை 5 ஓமில் வையுங்கள். ஒரு பல்பு மட்டும் இருந்தால் அதற்கு 6 வோல்ட். இரண்டாவதைச் சேர்க்கும் முன் எவ்வளவு ஆகும் என்று பிள்ளைகளை நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அப்புறம் வோல்ட்மீட்டரை வையுங்கள். 4.5 காட்டும்.

அறிவியல் டீச்சர்:
4.5 வந்தது. பாதிப் பேர் 3 என்று எழுதியிருந்தார்கள். இப்போது "வயருக்கும் மின்தடை உண்டா?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்து ஸ்லைடர் அதற்குத்தானே?

கம்பிச்சுருள்:
அதற்கேதான்.