ஓடுற வண்டியில பேட்டரி வயரைக் கழட்டலாமா?

செங்கை ரைடர்: நேத்து ஒரு வீடியோ பாத்ததுல இருந்து பத்திக்கிட்டு வருது. சார்ஜ் ஏறுதான்னு பாக்க மீட்டரே வேணாமாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி மைனஸ் வயரைக் கழட்டணுமாம். ஓடிட்டே இருந்தா சார்ஜிங் நல்லாருக்காம், நின்னா கரண்ட் தர்ற காயில் போச்சாம். பிஎஸ்6 வண்டியில, அதான் புதுப் புகை விதிப்படி வந்ததுல, யாரும் இதைச் செஞ்சிடாதீங்க. வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கிறதே பேட்டரிதான். அதைப் பிரிச்சா சட்டுனு எகிறி, இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டரான இசியூவையே காலி பண்ணிடும்.

பழைய கிக்கர்: 30 வருஷமா இப்படித்தான் பாக்குறேன். ஒரு வண்டியும் எரியல. கையில கிரீஸ் படாதவங்களுக்கு எல்லாமே பயம்தான்.

செங்கை ரைடர்: எரியலைன்னே வச்சுக்குவோம்ணே. அந்த டெஸ்ட் எதைக் காட்டுது? ஏசி சிடிஐ வண்டியில ஸ்பார்க் பேட்டரியில இருந்து வராது, அதுக்குத் தனி காயில். காயில் கரண்டை பேட்டரிக்கு ஏத்த டிசியா மாத்துற ரெக்டிஃபையர் செத்துப்போய் பேட்டரிக்குப் பொட்டு சார்ஜ் போகாட்டியும் இன்ஜின் ஓடும். நீங்க நல்லாருக்குன்னு அனுப்பிடுவீங்க, வண்டிக்காரன் நாலாம் நாள் தள்ளிக்கிட்டு வருவான்.

பழைய கிக்கர்: கழட்டினேன், ஓடுச்சு. அவ்வளவுதான் தம்பி.

கோபி150: என்னுது 2021 மாடல். ஹார்ன் கம்மிப்போச்சு, செல்ஃப் டிக் டிக்குனு அடிக்குது. பேட்டரியில மீட்டர் வச்சா ஆஃப்ல 12.1, முறுக்கினா 12.3 வோல்ட். பேட்டரி மாத்தணுமா?

செங்கை ரைடர்: இப்பவே மாத்தாதீங்க. 5000 ஆர்பிஎம்ல 13.8ல இருந்து 14.5க்குள்ள வரணும், வரல. மொதல்ல ரெக்டிஃபையர் கப்ளரை, அதான் வயர் சேர்ற பிளக்கை, பிரிச்சுப் பாருங்க. என் வண்டியில வெள்ளை பிளாஸ்டிக் உருகி, காயில்ல இருந்து வர்ற மூணு மஞ்சள் வயர்ல ஒண்ணோட பின் கருகி உள்ளேயே ஒட்டியிருந்துச்சு. அது தெரியாம ரெண்டு பேட்டரி வாங்கித் தொலைச்சேன், அந்த வயித்தெரிச்சல்லதான் சொல்றேன். கப்ளர் நல்லாருந்தா, பிரிச்ச நிலையிலேயே வண்டிய ஸ்டார்ட் பண்ணி, மீட்டரை ஏசில வச்சு மஞ்சள் வயரை ரெண்டு ரெண்டா பாருங்க. மூணு ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டணும், முறுக்க முறுக்க ஏறணும். ஆஃப் பண்ணிட்டு மஞ்சளுக்கும் பாடிக்கும் கன்டின்யூட்டி, அதான் தொடர்பு இருக்கான்னு, மீட்டர்ல பாருங்க. பீப் அடிச்சா காயில் எர்த் ஆயிடுச்சு. எல்லாம் சரியா இருந்தும் சார்ஜ் வரலைன்னாதான் ரெக்டிஃபையர் மேல சந்தேகம்.

டேங்க் பேக்: வகுப்பு ஆரம்பிச்சாச்சு. போன மாசம் ஆயில் பஞ்சாயத்துலயும் இவர் இப்படித்தான். 300 ரூபா மீட்டர் காட்டுறதை எல்லாம் நம்புவார், அனுபவத்தை நம்பமாட்டார்.

செங்கை ரைடர்: ஆயிலை ஏன் இங்க இழுக்குறீங்க? அன்னைக்கு நான் கேட்ட கேள்விக்கே நீங்க இன்னும் பதில் சொல்லல. 300 ரூபா மீட்டர் கால் வோல்ட் தப்பா காட்டலாம். 12.3ஐ 14ன்னு காட்டாது.

டேங்க் பேக்: பேட்டரி வீக்கா இருந்தாலும் 14 வராது. அதையும் சொல்லுங்க மேதை.

செங்கை ரைடர்: வராதுதான். அதுக்குத்தான் வெளிய முழுசா சார்ஜ் போட்டு, சும்மா நிக்கும்போது 12.6க்கு மேல இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் அளக்கணும். வயரைக் கழட்டிப் பாத்தா இதுவும் தெரியாது.

பழைய கிக்கர்: மீட்டர் இல்லாத காலத்துல நாங்க வண்டியே ஓட்டலையா? என் கையில ரிப்பேர் ஆன வண்டி இன்னும் ரோட்ல ஓடுது. கழட்டினா தெரிஞ்சிடும்.

செங்கை ரைடர்: அண்ணே, உங்க தொழிலை நான் குறைவா சொல்லல. கடைசியா கழட்டிப் பாத்த வண்டி ஏசி சிடிஐயா, பேட்டரி கரண்ட்ல ஸ்பார்க் அடிக்கிற டிசி சிடிஐயா, இன்ஜெக்ஷனா?

பழைய கிக்கர்: ஓடுச்சா இல்லையா, அதைக் கேளு.