அடிபட்டவர்கள் எங்கே போனார்கள்?

பொம்மை வீரர்களை மேசைமேல் நிறுத்திப் பழைய போர்களை ஆடும் நம் குழுவில், எல்லோரும் நீங்கள் ஆடிய முதல் ஆட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் ஆடும் விதத்தையே மாற்றிய ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன்.

வாட்டர்லூ, 1815 ஜூன் 18, நெப்போலியன் தோற்ற கடைசிப் போர். நான் பிரெஞ்சுப் பக்கம். 28 மில்லிமீட்டர் உருவங்கள். எங்கள் விதிப்படி ஓர் உருவம் 20 வீரர்களுக்குச் சமம், ஒரு பட்டாலியனுக்கு 24 உருவங்கள். நீலக் கோட்டு, குறுக்கே வெள்ளை வார், ஊசிமுனை அளவு பொத்தான் என்று அந்த 24 பேருக்கும் வண்ணம் தீட்டவே மூன்று வாரம் ஆனது.

நண்பரின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்தவர். மேட்டில் ஏறிய என் பட்டாலியன் பீரங்கிக்கு முன்னால் மாட்டியது. ஒன்பது உருவங்களை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

"தம்பி, அந்த ஒன்பது பேர் எங்க போனாங்க?"

"அவுட்டுப்பா."

"ஒன்பது இருபது நூத்தியெண்பது. அத்தனை பேரும் செத்துட்டாங்களா?"

விதிப்புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். எடுக்கப்படும் உருவம் என்றால் செத்தவர் மட்டுமல்ல. காயம்பட்டவர், அவரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவர், ஓடிப்போனவர் எல்லோரும் அதில் அடக்கம். அவர் தலையாட்டினார். "அது சரி. ஆனா அடிபட்டவன் பெட்டிக்குள்ள போகமாட்டான். அங்கயேதான் கிடப்பான். தண்ணி கேப்பான்."

அடுத்து மன உறுதிக்கு, அதாவது மிச்சப் படை நிற்குமா ஓடுமா என்று பார்க்க, பகடை உருட்டினேன். மூன்று விழுந்தது, போதவில்லை. மிச்சமிருந்த 15 பேரும் திரும்பி ஓடினார்கள். சினிமாவில் நாயகனின் படை இப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. குண்டு பட்டவர் உடனே சாவார், இல்லையென்றால் வசனம் பேசிவிட்டுச் சாவார். அப்புறம் கேமரா அவரை விட்டுப் போய்விடும். வாட்டர்லூவில் ஒரே நாளில் 40,000 பேருக்கு மேல் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். காயப்பட்டவர்களில் பலர் நாள்கணக்கில் களத்திலேயே கிடந்தார்கள்.

இப்போது படுத்துக் கிடக்கும் உருவங்களுக்கும் வண்ணம் தீட்டுகிறேன், அதே பொத்தான்களோடு. விழுந்த இடத்திலேயே வைக்கிறோம். அந்த வழியாகப் போகும் படைக்கு நகர்வில் இரண்டு அங்குலம் குறையும் என்று நாங்களாகவே ஒரு விதி வைத்துக்கொண்டோம்.

---

(இன்னொருவரின் பதில்) மேலே உள்ளதைப் படித்ததும் என் அனுபவம் ஒன்று ஞாபகம் வந்தது. நான் நடுவர் வைத்து ஆடும் கிரீக்ஸ்பீல் ஆடுகிறவன். 1824-ல் பிரஷ்யப் படை தன் அதிகாரிகளைப் பழக்க எடுத்துக்கொண்ட போர் ஆட்டம். எதிரி இன்னோர் அறையில் இருப்பார். நடுவர் சொல்லும் தகவல்தான் நமக்குக் கண். படங்களில் தளபதி குன்றின்மேல் குதிரையில் நின்று எல்லாவற்றையும் பார்ப்பாரே, அந்த வசதியெல்லாம் இங்கே கிடையாது.

ஒரு கிராமத்தைப் பிடித்து வைத்திருந்தேன். அங்கிருந்த என் படைக்கு "உடனே பின்வாங்கவும்" என்று சீட்டு எழுதி நடுவரிடம் கொடுத்தேன். தூதுவன் குதிரையில் போய்ச் சேரும் நேரத்தைக் கணக்கிட்டு இரண்டு சுற்று அதைக் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் மடித்தது மடித்தபடி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அங்கே அதை வாங்கிக்கொள்ள என் ஆள் ஒருவரும் இல்லை.