விக்ராந்துக்கு ஒரு ரேடார் பிளேன், ஒரு சரக்கு பிளேன்: 1/72 கற்பனை மாடல், யோசனை சொல்லுங்க

பாளை பசைக்கை:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்கிட்ட ஹாசெகாவா கம்பெனியோட 1/72 (நெச அளவுல 72-ல ஒரு பங்கு) எஸ்-3 வைக்கிங், அதான் அமெரிக்க நேவியோட கப்பல் ஜெட், அந்தக் கிட் ரெண்டு பிரிக்காம கெடக்கு. நம்ம நேவில கேரியர்ல (விமானம் தாங்கிக் கப்பல்) ஏறி எறங்குற பெரிய ரேடார் பிளேன் கெடையாது, காமோவ்-31 ஹெலிகாப்டர வச்சுத்தான் ஓட்டுதாங்க, அதனால இருந்திருந்தா எப்படி இருக்கும்னு ஒரு ஜோடி செய்யலாம்னு நெனைக்கேன், ஒண்ணு முதுகுல ரேடார் வட்டத்தட்டு வச்சது, இன்னொண்ணு கரையில இருந்து கப்பலுக்கு தபாலு, சாமான், ஸ்பேர் இன்ஜின் கொண்டு போறது. ரெண்டையும் றெக்கைய மடக்கி விக்ராந்த் டெக் துண்டு ஒண்ணு மேல நிறுத்தணும். தட்டு எவ்வளவு அகலம், எங்க வைக்கணும், எதுல செய்ய? வால மாத்தணுமா? ஏதாவது ஒண்ண ஒட்டி வையின்னு சொல்லாதீங்க, பாக்கவன் இது நெசமாவே பறந்துச்சோன்னு கேக்கணும்.

தென்காசி சாரல்:
தட்ட விடுங்க தம்பி, மொதல்ல றெக்கை எந்தப் பக்கம் மடங்குதுன்னு பாருங்க. கேரியர் ரேடார் பிளேனோட மொத்தத் தலைவலியும் அதுலதான் இருக்கு.

கிரம்மன் கம்பெனிக்காரன் எஸ்-2 ட்ராக்கர்ங்குற கப்பல் பிளேன்ல இருந்து ஈ-1 ட்ரேசர்ங்குற ரேடார் பிளேன் செஞ்சான்ல்லா, ட்ராக்கருக்கு றெக்கை மேல தூக்கி முதுகுக்கு மேல மடங்கும், ட்ரேசருக்கு முதுகுல அம்மாம்பெரிய குடை வந்து ஒக்காந்துட்டு, அப்போ றெக்கை எங்க போவும்? பழைய ஹெல்கேட் சண்டை விமானத்துல இருந்த மாதிரி பின்னால திருப்பி ஒடம்போட ஒட்டி மடக்குற முறைக்குப் போய்ட்டான். ஒத்த வாலும் ரெட்டை வால் ஆச்சு. அடுத்து 1960-ல மொதத்தடவ பறந்த ஈ-2 ஹாக்ஐ ரேடார் பிளேனும் அதே மடக்குதான். அதுக்கு வால்ல நாலு நிமிந்த துடுப்பு இருக்கும் பாருங்க, அது அழகுக்கு இல்ல, பழைய எஸ்ஸெக்ஸ் வகை கப்பல்ல ஹேங்கர் (பிளேன் நிறுத்துற உள்கூடம்) கூரை தாழ்வு, ஒசரமா ஒண்ணு வைக்க முடியாது, குட்டையா நாலு வச்சான், அதுலயும் மூணுலதான் ரட்டர் (பக்கவாட்டுல திருப்புற அசையும் பலகை) உண்டு. தட்டையும் ஹேங்கருக்குள்ள போகும்போது கொஞ்சம் கீழ எறக்கிக்கிடலாம்.

இப்போ உங்க வைக்கிங்குக்கு வாங்க. அதோட றெக்கை மேல மடங்கி முதுகுமேல ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா படுக்கும், வாலும் பக்கவாட்டுல சாயும். அங்க தட்டு வச்சா றெக்கை போய் இடிக்கும். தட்ட றெக்கைக்கு மேல போற அளவு ஒசத்துனா ஹேங்கர் கூரை இடிக்கும். அதனால ஒண்ணு, றெக்கைய வெட்டி ஹாக்ஐ மாதிரி பின்னால மடங்குற கீல் வைங்க, இல்லேன்னா மடக்காம விரிச்சே நிறுத்துங்க. சோவியத்காரன் ஆன்டனோவ்-71ல தட்டத் தூக்கி வால் உச்சியிலயே வச்சான், அது கப்பல் பிளேன் இல்ல, ஆனா வைக்கிங்குக்கு அதுவும் ஆகாது, சாயுற வாலு உச்சியில தட்ட வச்சா என்ன ஆவும்னு நீங்களே பாத்துக்கிடுங்க.

விஜயநாராயணம் காத்து:
நல்லாத்தான் பேசுதீய, ஆனா விக்ராந்த்ல கேடபுல்ட்டே (பிளேன இழுத்து விடுற எந்திரம்) கெடையாதே வே! 2022 செப்டம்பர்ல சேந்த கப்பல், முன்னால மேடு ஏறி பறக்குற ஸ்கீ-ஜம்ப் மட்டும்தான். வைக்கிங், ஹாக்ஐ எல்லாம் கேடபுல்ட் இழுத்து விட்டாத்தான் கப்பல்ல இருந்து கெளம்பும். பிளேன ஹேங்கர்ல இருந்து மேல ஏத்துற லிஃப்ட் வேற சுமார் 10க்கு 14 மீட்டர்னுதான் எல்லாரும் எழுதுதாங்க, வைக்கிங் நீளமே 16.26 மீட்டர், ஹாக்ஐ பதினேழர மீட்டர். நம்ம ஊர்ப்பக்கமே ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நேவி நிலையத்த வச்சுக்கிட்டு நேவி மாடல்ல இப்படி ஓட்டை விடலாமா?

நான் சொல்லுதது, பழைய விக்ராந்துக்குப் போங்க. 1961-ல வந்த கப்பல், நீராவி கேடபுல்ட் இருந்துச்சு, பிரெஞ்சு அலிசே பிளேன் அதுல பறந்துச்சு, 71 சண்டையில சீ ஹாக்கும் அலிசேயும்தான் காக்ஸ் பஜார், சிட்டகாங் பக்கம்லாம் அடிச்சது. அலிசே நீளம் 13.86 மீட்டர், றெக்கை மடக்குனா 7 மீட்டர் அகலந்தான். அதையே ரேடார் பிளேன் ஆக்குங்க. பிரிட்டிஷ்காரன் அவனோட கேனட் கப்பல் பிளேன அப்படித்தான் செஞ்சான், தட்டு முதுகுல இல்ல, வயித்துக்கடியில ஒரு பெரிய பானை, அதனால றெக்கை மடக்குறதுக்கு ஒரு எடஞ்சலும் இல்ல. ஆனா வயித்துல தொங்குனா தரையில தட்டும்ல்லா, சக்கரக் கால நீட்டுனான், வால் துடுப்பையும் பெருசாக்குனான். நீங்களும் அதச் செய்யணும், அலிசேக்கு கால் ஒளியுற நாசெல் (கூடு) றெக்கையில இருக்கு, கால் நீண்டா அதையும் கொஞ்சம் நீட்டணும், இத விட்டுட்டா வெவரம் தெரிஞ்சவன் ஒரே பார்வையில புடிச்சிருவான்.

1978-ல ஆர்க் ராயல் கப்பலோட கேனட்டும் போச்சு, 82 ஃபாக்லாந்து சண்டையில அவன்கிட்ட வானத்துல ரேடாரே இல்ல, மே 4-ல ஷெஃபீல்ட் கப்பல் எக்ஸோசெட் ஏவுகணை அடி வாங்குச்சு. கணக்கு ரொம்ப லேசு, கப்பல்ல 25 மீட்டர் ஒசரத்துல ரேடார் இருந்தா கடல ஒட்டி வாரது 30 கிலோமீட்டர் கிட்ட வந்தாத்தான் தெரியும், அதே ரேடார 7500 மீட்டர் மேல தூக்குனா தொடுவானம் 350 கிலோமீட்டர் தாண்டிப் போவும். பொறவு அவசர அவசரமா சீ கிங் ஹெலிகாப்டர்ல ரேடார மாட்டுனாங்க.

பாளை பசைக்கை:
அண்ணாச்சி இது நல்லாருக்கே, அலிசே யோசனை மனசுல ஒட்டிக்கிட்டு. ஆனா வைக்கிங் ரெண்டையும் என்ன செய்ய? தட்டு ஆசையும் போவல.

அம்பை கடைசல்:
தட்டு ஆசை இருந்தா செஞ்சிருங்க தம்பி, கேடபுல்ட் வச்ச அடுத்த கப்பல்னு ஒரு அட்டையில எழுதி வச்சிட்டா ஆச்சு, கற்பனைதானே. ஹாக்ஐ தட்டு 24 அடி, அதாவது 7.3 மீட்டர், 1/72ல 10 செ.மீ.க்கு ஒரு முடி கூட. கனம் நடுவுல ஒரு சென்டிமீட்டர். சிடிய ரெண்டா ஒட்டிருவோம்னு நெனைப்பீய, அது 12 செ.மீ., பாத்தாலே தலை பெருத்துத் தெரியும்.

எங்க ஊர்ல செப்பு சாமான் கடையுறவங்க இருக்காங்கல்லா, அவங்ககிட்ட அட்டையில பாதி வளைவ வெட்டிக் கொண்டு போங்க. கட்டைய பட்டறையில மாட்டி ஓடவிட்டு உளிய வச்சார்னா சுருள் சுருளா உதிரும், நடுநடுவுல நிறுத்தி உங்க அட்டைய வச்சு வெளிச்சத்துல பாப்பார், எங்கன இடுக்கு தெரியுதோ அங்கன மட்டும் இன்னொரு தீத்து. நடுவுல 3 மி.மீ. துளையும் அவரே போட்டுருவார். ஒண்ணு மட்டும் முன்னாலயே சொல்லிருங்க, அரக்கு ஏத்த வேண்டாம்னு, பழக்கத்துல பளபளன்னு ஏத்திட்டார்னா உங்க பிரைமர் அதுல நிக்காது. வெறும் மரமா வாங்கிட்டு வந்து சூப்பர் க்ளூவ மெல்லிசா தடவி 400, 800ன்னு தேய்ச்சா ரேகை அடைஞ்சிரும். அலிசே வயித்துப் பானைக்கும் அவர்கிட்டயே ஒரு அச்சு கடைஞ்சுக்கிடுங்க, ஸ்டைரீன் ஷீட்ட வாட்டி அதுமேல அமுக்கி எடுத்தா வேல முடிஞ்சது.

தென்காசி சாரல்:
சரக்கு பிளேனுக்கு வைக்கிங் சரியான ஆளு. யூஎஸ்-3ஏன்னு நெசமாவே சிலத மாத்தி ஓட்டுனாங்க, ஆனா ஒடம்பு ஒல்லி, பெரிய சாமான் போவாது. பொறவு லாக்ஹீட் சி-3ன்னு ஒரு யோசனை சொல்லிச்சு, வைக்கிங் றெக்கை, வால் அப்படியே, ஒடம்பு மட்டும் புதுசு, பருமன், பின்னால கதவு. 2015-ல அமெரிக்க நேவி ஆஸ்ப்ரே பிளேனத் தேர்ந்தெடுத்ததால அது காகிதத்தோட நின்னுட்டு. நமக்கு அதுதான் வேணும். 40 மி.மீ. பிவிசி பைப் 72ஆல பெருக்குனா 2.9 மீட்டர் ஒடம்பு, மூக்கும் வாலும் கிட்ல இருந்து வெட்டி ஒட்டலாம். பிளாஸ்டிக் சிமென்ட் பிவிசிய புடிக்காது, அரால்டைட் போடுங்க, இணைப்புல உள்பக்கம் ஒரு வளையம் குடுங்க. மூக்குல தூண்டில் ஈயம் தாராளமா போட்டுருங்க, இல்லேன்னா வால் குத்தி ஒக்காந்துரும்.

மேட் வார்னிஷ மட்டும் சாரல் நேரத்துல அடிச்சிராதீங்க, எங்க பக்கம் ஆனி ஆடியில அடிச்சா வெள்ளையா பூத்துரும். வெயில் நாளா பாத்து, மத்தியானத்துல அடிங்க.

பாளை பசைக்கை:
அப்போ முடிவு: பழைய விக்ராந்துக்கு பானை வயித்து அலிசே, ஐஎன்ஏஎஸ் 310 கோப்ரா (நம்ம நேவி விமானப் பிரிவு) குறியோட, அவங்கதானே அலிசே ஓட்டுனது. ஒரு வைக்கிங் பைப் ஒடம்பு சரக்கு. இன்னொன்னுக்கு தட்டு வச்சு, றெக்கைய விரிச்சே நிறுத்துதேன், அத வெட்டி கீல் போடுற தைரியம் இப்போ இல்ல. அம்பை அண்ணாச்சி, அந்தக் கடைசல்காரர் ஞாயித்துக்கிழமை பட்டறை தெறப்பாரா?

அம்பை கடைசல்:
தெறப்பார், காலையில சீக்கிரம் வாங்க. அட்டைய மறந்துராதீங்க.