டெபியன் 12 நிறுவும்போது வைஃபை கார்டு தெரியவில்லை, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. அப்பாவின் பழைய லேப்டாப்பில் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) போடுகிறேன். நெட்வொர்க் கட்டத்துக்கு வந்ததும் கார்டே இல்லை என்கிறது. விண்டோஸில் இதே வைஃபை நன்றாக ஓடியது. லேன் போர்ட் கிடையாது. இந்தப் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேர் எல்லாம் இன்ஸ்டாலருடனே வருகிறது என்று படித்தேனே? புது கார்டு வாங்க வேண்டுமா?

பதில் 1:
வாங்க வேண்டாம். இன்ஸ்டாலரிலேயே ஆல்ட்+எஃப்2 அழுத்துங்கள் (மவுஸ் வேலை செய்யும் இன்ஸ்டாலர் என்றால் கன்ட்ரோலும் சேர்த்து). வரும் திரையில் 'எல்எஸ்பிசிஐ -என்என்' அடித்து, நெட்வொர்க் கன்ட்ரோலர் வரியில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். லேப்டாப் மாடலை வைத்துத் தேடாதீர்கள், ஒரே மாடலில் வேறு வேறு கார்டு இருக்கும்.

கேட்டவர்:
பிராட்காம் பிசிஎம்43142. எண் 14இ4:4365.

பதில் 1:
நினைத்தேன். ஃபர்ம்வேர் என்பது கார்டுக்குள் ஏற்றப்படும் சிறு நிரல். அது 2023இல் வந்த டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரிலேயே இருக்கிறது, நீங்கள் படித்தது சரிதான். ஆனால் இந்த சிப்புக்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் டிரைவரே (கார்டை இயக்கும் மென்பொருள்) இல்லை. 'பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்' என்ற தனித் தொகுப்பை உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்தாக (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றியாக) வேண்டும். அதற்கு முதலில் நெட் வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, யுஎஸ்பி டெதரிங்கை (போனின் நெட்டைக் கணினிக்குக் கொடுக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். இன்ஸ்டாலர் மெனுவில் நெட்வொர்க் கார்டு தேடும் படியை மறுபடி ஓட்டினால் போனையே லேன் கார்டாக எடுத்துக்கொள்ளும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் டேட்டாவும் செலவாகாது.

நிறுவி முடித்த பிறகும் டெதரிங்கை விடாதீர்கள். சோர்சஸ் கோப்பில் (தொகுப்புகளை எங்கிருந்து எடுப்பது என்ற பட்டியல்) 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' இருக்கும், அது போதாது. 'நான்-ஃப்ரீ' தனிப் பிரிவு, அதையும் சேருங்கள். அப்புறம் 'ஆப்ட் அப்டேட்' கட்டளையை ஓட்டி, பிறகு 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64' தொகுப்பையும் டிரைவரையும் நிறுவுங்கள். ஹெடர்ஸ் இல்லாமல் கம்பைல் ஆகாது.

பதில் 2:
செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) ஆனில் இருக்கிறதா? இருந்தால் டிரைவர் ஒழுங்காகக் கம்பைல் ஆகும், ஆனால் கெர்னல் ஏற்றாது. பலர் இந்த இடத்தில்தான் மனம் வெறுத்து விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறார்கள். டிகேஎம்எஸ் (டிரைவரைக் கம்பைல் செய்யும் கருவி) உண்டாக்கிய கையொப்பச் சாவியை 'மோக்யுடில் --இம்போர்ட்' மூலம் கொடுத்து, ஒரு பாஸ்வேர்ட் வைத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். நீலத்திரை வரும்போது 'என்ரோல் மோக்' தேர்ந்தெடுங்கள். அந்தத் திரை சில விநாடிகள்தான் நிற்கும், கண் எடுக்காதீர்கள்.

கேட்டவர்:
செக்யூர் பூட் ஆனில்தான் இருந்தது. சாவியைப் பதிந்து உள்ளே போனதும் பக்கத்து வீட்டு வைஃபை வரை எல்லாம் தெரிகிறது. இருவருக்கும் மிக்க நன்றி.